நல்ல கொழுப்பு, அதனோடு பயணிக்கும் நொதிகள், இதயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிப்பிட் புரொஃபைல் எனப்படும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கியதும் எழும் ஐயங்களில் பாதிக்கு மேல் ஒரே வரியைப் பற்றியவை: ஹெச்டிஎல். கெட்ட கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நல்ல கொழுப்பு என்று பெயர் வாங்கிய ஒன்றை என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். ஆய்வகத்தில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ரத்தக் கொழுப்பின் அளவுகள் யாவும் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில் உள்ளவை. மருந்தைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் உங்களை நேரில் பார்த்த மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

1. நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு என்று உடம்பில் இரண்டு வகைக் கொலஸ்ட்ராலா இருக்கிறது?

இல்லை, கொலஸ்ட்ரால் ஒன்றுதான். அது தண்ணீரில் கரையாது என்பதால் ரத்தத்தில் தனியாக ஓட முடியாமல், புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்து அமைத்த நுண்துகள்களில் ஏறிப் பயணிக்கிறது. பல வகையாக இருப்பவை அந்தத் துகள்கள். அடர்த்தி குறைந்தது எல்டிஎல், அடர்த்தி மிகுந்தது ஹெச்டிஎல். எல்டிஎல் துகளின் விட்டம் 20 நானோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். ஹெச்டிஎல் 7 முதல் 12 நானோமீட்டர் வரைதான்.

அளவைவிட முக்கியமான வேறுபாடு, துகளைச் சுற்றியிருக்கும் புரதத்தில் இருக்கிறது. எல்டிஎல் துகள் ஒவ்வொன்றிலும் ஏபோ-பி என்ற பெரிய புரதம் ஒன்றே ஒன்று உண்டு. அந்தத் துகள் ரத்தக்குழாயின் உட்சுவருக்குள் நுழைந்தால் அங்கேயே ஒட்டிக்கொள்ளக்கூடியது. கொழுப்புப் படிவு தொடங்குவது அப்படித்தான். ஹெச்டிஎல்லின் முதன்மைப் புரதம் ஏபோ ஏ-1. ஹெச்டிஎல்லும் சுவருக்குள் போய்வருகிறது, ஆனால் அங்கே தங்கிப் படிவை உண்டாக்குவதில்லை.

2. இது நல்லது என்று யார், எதை வைத்துச் சொன்னார்கள்?

அமெரிக்காவில் பெர்க்லியில் ஜான் காஃப்மன் என்பவர் அதிவேக மையவிலக்குச் சுழற்சியால் இந்தத் துகள்களைப் பிரித்து ஆராய்ந்த 1950-களிலேயே, மாரடைப்பு வந்தவர்களிடம் ஹெச்டிஎல் குறைவாக இருப்பது கண்ணில் பட்டுவிட்டது. அப்போது அதற்குப் பெரிய கவனம் கிடைக்கவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948-இல் தொடங்கிய நெடுங்கால இதய ஆய்வு, 1977-இல் அதே முடிவை உறுதியாக வெளியிட்ட பிறகே நல்ல கொழுப்பு என்ற பெயர் ஊரெங்கும் பரவியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வு காட்டியது, ஹெச்டிஎல் மிகுந்தவர்களுக்கு இதயநோய் குறைவாக வருகிறது என்பதை மட்டுமே. ஹெச்டிஎல்லை ஏற்றினால் இதயநோய் குறையும் என்று அது நிறுவவில்லை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை மருத்துவ உலகம் உணர ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. கீழே வரும் கேள்விகளில் பலவற்றுக்கும் வேர் அந்த இடைவெளிதான்.

3. ஹெச்டிஎல் அப்படி என்னதான் வேலை செய்கிறது?

ரத்தக்குழாய்ச் சுவரில் எல்டிஎல்லை விழுங்கிக் கொழுத்துப்போன வெள்ளணுக்களிடமிருந்து கொலஸ்ட்ராலைப் பெற்றுக்கொண்டு கல்லீரலில் சேர்ப்பது அதன் புகழ்பெற்ற வேலை. கொழுப்பு ஏறாத ஏபோ ஏ-1, அணுவின் மேற்பரப்பில் உள்ள ஏபிசிஏ1 என்ற வாயில் வழியாகக் கொலஸ்ட்ராலை வாங்குகிறது. எல்கேட் என்ற நொதி அந்தக் கொலஸ்ட்ராலைக் கொழுப்பு அமிலத்தோடு இணைத்து எஸ்டராக மாற்றுகிறது. எஸ்டர் துகளின் நடுவே சென்று நிரம்ப, தட்டையாக இருந்த துகள் உருண்டையாகிறது. பிறகு கல்லீரல் அந்தச் சுமையை நேரடியாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது செட்ப் என்ற புரதம் அதை ஏபோ-பி துகள்களுக்கு மாற்றிவிட, அவற்றின் வழியாகவும் கல்லீரலைச் சேரலாம். முடிவில் அது பித்தநீரோடு குடலுக்குப் போகிறது.

பத்திரிகைகள் இதைக் குப்பை லாரி என்று எழுதும். அந்த உவமையை ஏற்றுக்கொண்டால் அதை முழுமையாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அறிக்கையில் வரும் ஹெச்டிஎல் எண், ஒரு குறிப்பிட்ட நொடியில் எல்லா லாரிகளிலும் கிடக்கும் மொத்தச் சுமை எவ்வளவு என்பதைச் சொல்கிறது. எத்தனை லாரிகள் ஓடுகின்றன, எத்தனை நடை அடிக்கின்றன, அள்ளிய குப்பை எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. லாரி இறக்க இடமில்லாமல் நிறைந்தபடியே நின்றாலும் எண் உயரும். ஹெச்டிஎல்லில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு கல்லீரலிலிருந்தும் குடலிலிருந்தும் வந்தது; இதயத் தமனியின் படிவிலிருந்து வந்தது அதில் மிகச் சிறிய பங்கே.

இது தவிர, எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடையாமல் தடுப்பது, ரத்தக்குழாயின் உள்ளுறையில் அழற்சியைக் குறைப்பது, அந்த உறை நைட்ரிக் ஆக்சைடு சுரக்க உதவுவது ஆகிய வேலைகளும் ஹெச்டிஎல்லுக்கு உண்டு.

4. என் அறிக்கையில் ஹெச்டிஎல் 34 என்று போட்டுப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயப்பட வேண்டியதில்லை; கவனிக்க வேண்டும். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே இருந்தால் குறைவு என்று கொள்வது வழக்கம். அந்த அளவுகோலின்படி நம்மில் பெரும்பாலோருக்கு நட்சத்திரக் குறி விழும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் நடந்து 2014-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வில் 72.3% பேருக்கு ஹெச்டிஎல் குறைவாக இருந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் மிகுந்திருந்தவர்கள் 13.9% மட்டுமே. எல்லோருக்கும் இருப்பதால் தீங்கில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

அடுத்த வரியில், ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு எவ்வளவு என்று பாருங்கள். ஹெச்டிஎல் குறைந்தவர்களில் பலருக்கு அது 150-க்கு மேல் இருக்கும். மிக அதிகமாக ஏறியவர்களின் சீரம், மையவிலக்கியிலிருந்து எடுக்கும்போதே தெளிவாக இல்லாமல் வெண்மையாகக் கலங்கியிருக்கும். இரண்டும் சேர்ந்து வருவதற்குக் காரணம் உண்டு. ட்ரைகிளிசரைடு மிகும்போது செட்ப், ஹெச்டிஎல்லிலிருந்து கொலஸ்ட்ரால் எஸ்டரை எடுத்துக்கொண்டு அதன் இடத்தில் ட்ரைகிளிசரைடைத் திணிக்கிறது. அப்படி மாறிய துகளைக் கல்லீரல் லைபேஸ் நொதி சிதைத்துச் சிறிதாக்க, ஏபோ ஏ-1 பிரிந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறிவிடுகிறது. எனவே 34 என்ற எண் பெரும்பாலும் ஒரு விளைவு. வயிற்றுச் சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இவற்றில் எது அதன் பின்னால் நிற்கிறது என்று தேடுவதுதான் பயனுள்ள வேலை.

5. ஹெச்டிஎல்லில் என்சைம்கள் இருக்கின்றன என்கிறார்களே, எவை?

கொழுப்பை ஏற்றி இறக்கும் நொதிகள் ஒரு பிரிவு; எல்கேட் அதில் முதன்மையானது. கல்லீரல் லைபேஸும் எண்டோதீலியல் லைபேஸும் துகளின் கொழுப்பை வெட்டி உருமாற்றுகின்றன. செட்ப் என்பது கண்டிப்பான பொருளில் நொதி அன்று. எதையும் உடைக்காமல் இடம் மாற்றிவிடும் புரதம். ஆனாலும் பேச்சுவழக்கில் அதையும் இந்த வரிசையிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.

காவல் வேலை பார்ப்பவை இன்னொரு பிரிவு. அதில் பாராக்ஸோனேஸ்-1 பற்றி அடுத்த கேள்வியில் விரிவாக வருகிறது. எல்பி-பிஎல்ஏ2 என்ற நொதியின் கதை சிக்கலானது. ஹெச்டிஎல்லிலும் அது உண்டு என்றாலும் பெரும்பகுதி எல்டிஎல்லோடுதான் திரிகிறது. அது மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருவதைக் கண்டு அதைத் தடுக்கும் டாராப்லாடிப் என்ற மருந்தைச் செய்தார்கள். 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் நொதி அடங்கியது; மாரடைப்பு குறையவில்லை.

6. பாராக்ஸோனேஸ் பூச்சிமருந்தை முறிக்கும் என்சைம் என்று படித்தேன். அதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

படித்தது சரிதான். பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி உடலுக்குள் போனதும் பாராக்ஸான் என்ற கொடிய நச்சாக மாறும். அதை உடைப்பதை வைத்தே 1950-களில் இந்த நொதி அடையாளம் காணப்பட்டது, பெயரும் அதனால்தான். கல்லீரலில் உருவாகி, ரத்தத்தில் ஹெச்டிஎல் துகளின் மேல் உட்கார்ந்து பயணிக்கும் இது, கால்சியம் இல்லாவிட்டால் செயலிழந்துவிடும். (பூச்சிமருந்து குடித்தவரை இது காப்பாற்றிவிடும் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்த அளவு நஞ்சுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.)

பூச்சிக்கொல்லிகள் மனிதன் செய்தவை. நொதியோ அவற்றுக்கு வெகுகாலம் முன்பே இருந்தது. அதன் இயல்பான வேலை லாக்டோன் வகைச் சேர்மங்களை உடைப்பது என்பது பிற்பாடு தெளிவாயிற்று. இதயத்தோடு முடிச்சுப் போட்டது 1991-இல் இங்கிலாந்தின் மேக்னஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு: எல்டிஎல் ஆக்சிஜனேற்றம் அடைவதை இந்த நொதி தடுக்கிறது என்றார்கள். ஆக்சிஜனேற்றம் அடைந்த எல்டிஎல்லைத்தான் வெள்ளணுக்கள் அளவின்றி விழுங்குகின்றன என்பதால் அந்தச் செய்தி பெரிதாகப் பேசப்பட்டது. 1998-இல் இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளை வளர்த்துப் பார்த்தபோது அவை இரண்டு பக்கமும் அடி வாங்கின. பூச்சிக்கொல்லியும் எளிதில் தாக்கியது, கொழுப்புணவு கொடுத்தபோது தமனிப் படிவும் கூடியது.

மனிதர்களில் படம் அவ்வளவு தெளிவாக இல்லை. நொதியின் செயல்திறன் குறைந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வருகிறது என்று பல ஆய்வுகள் காட்டின. ஆனால் அந்தத் திறனை மாற்றியமைக்கும் மரபணு வேறுபாடுகளைப் பெருந்தொகையான மக்களிடம் தேடியபோது, இதயநோயோடு அவற்றுக்கு வலுவான தொடர்பு தென்படவில்லை. நொதியைச் சுத்தமாகப் பிரித்தெடுத்துச் சோதனைக்குழாயில் பார்த்தபோது எல்டிஎல்லை அது காக்கவில்லை என்று மறுத்தவர்களும் உண்டு. என் கணிப்பில், இதை ஹெச்டிஎல் நல்ல நிலையில் இருக்கிறதா என்று காட்டும் அறிகுறியாகக் கொள்வது பொருந்தும். தமனியைத் தனியாளாக நின்று காக்கும் வீரனாகக் கொள்வது மிகை.

7. அப்படியானால் பாராக்ஸோனேஸ் அளவைப் பரிசோதிக்கச் சொல்லலாமா?

வேண்டாம். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இந்த நொதியின் செயல்திறன் பத்து மடங்குக்கு மேலும் வேறுபடலாம். அதில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது புரதத்தின் 192-ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதும் மரபணுவின் தூண்டுபகுதியும்தான். எந்த வேதிப்பொருளைக் கொடுத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து வரிசையே மாறிவிடும்: பாராக்ஸானை வேகமாக உடைப்பவரின் நொதி வேறொரு பொருளில் மெதுவாக இருக்கலாம். இயல்பு அளவு இதுதான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. எண் வந்தாலும் அதை வைத்து மாற்றக்கூடிய சிகிச்சை எதுவும் இல்லை.

ஆய்வுக்காக எங்காவது உங்களிடம் ரத்தம் எடுத்தால் ஒன்றைக் கவனிக்கலாம். ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள் இருக்கும். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நொதி அப்போதே முடங்கிவிடும். அதனால் இந்தப் பரிசோதனைக்குச் சீரமோ ஹெபாரின் குழாயோதான் எடுப்பார்கள்.

8. நல்ல கொழுப்பும் கெட்டுப்போகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. தமனிப் படிவில் அழற்சி முற்றும்போது வெள்ளணுக்கள் மைலோபெராக்ஸிடேஸ் என்ற நொதியைக் கக்குகின்றன. கிருமியைக் கொல்வதற்கு உதவும் அதே நொதி, பக்கத்தில் வந்த ஹெச்டிஎல்லின் ஏபோ ஏ-1 புரதத்தில் குறிப்பிட்ட சில இடங்களைச் சிதைத்துவிடுகிறது. அப்படிச் சிதைந்த ஏபோ ஏ-1, 3-ஆம் பதிலில் சொன்ன ஏபிசிஏ1 வாயிலில் கொலஸ்ட்ராலைச் சரியாக வாங்க முடியாமல் போகிறது. கடுமையான தொற்றின்போது சீரம் அமிலாய்டு-ஏ என்ற வேறொரு புரதம் ஹெச்டிஎல்லில் ஏறி ஏபோ ஏ-1-ஐ வெளியே தள்ளிவிடும். கட்டுப்படாத நீரிழிவில் சர்க்கரை ஒட்டிக்கொண்டு பாராக்ஸோனேஸின் திறன் மங்கும். புகைப்பவர்களிடமும் அது குறைந்திருக்கிறது, விட்டவர்களிடம் மீள்கிறது.

இந்தக் கெடுதல் எதுவும் உங்கள் அறிக்கையில் தெரியாது. வேலையே செய்யாத ஹெச்டிஎல்லும் 52 என்று கம்பீரமாக அச்சாகும். அதனால்தான் ஆய்வாளர்கள், ஒருவரின் ஹெச்டிஎல் வெள்ளணுக்களிலிருந்து எவ்வளவு கொலஸ்ட்ராலை வெளியே இழுக்கிறது என்பதை நேரடியாக அளக்கத் தொடங்கினார்கள். டல்லஸ் நகரில் 2,924 பேரைச் சராசரியாக ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இழுதிறன் மிகுந்த கால்பங்கினருக்கு, குறைந்த கால்பங்கினரைவிட இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகளின் ஆபத்து 67% குறைவாக இருந்தது. அதே மக்களிடம், பிற காரணிகளைக் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான ஹெச்டிஎல் எண்ணுக்கு அத்தகைய தொடர்பு இல்லை. உயிருள்ள அணுக்களை வளர்த்துச் செய்ய வேண்டிய சோதனை என்பதால் அது இன்னும் ஆய்வுக்கூடங்களைத் தாண்டி வரவில்லை.

9. மாத்திரை போட்டு ஹெச்டிஎல்லை ஏற்றிவிட்டால் முடிந்ததல்லவா?

இதைத்தான் உலகின் பெரிய மருந்து நிறுவனங்களும் நினைத்தன. செட்ப் குறைபாட்டோடு பிறந்த ஜப்பானியக் குடும்பங்களில் ஹெச்டிஎல் மிக உயர்ந்திருப்பது தெரிந்ததும், செட்பைத் தடுத்தால் போதும் என்ற எண்ணம் பிறந்தது. ஃபைசர் நிறுவனத்தின் டோர்செட்ராபிப் முதலில் வந்தது. 15,067 பேரிடம் சோதித்ததில் ஹெச்டிஎல் 72% ஏறியது, எல்டிஎல்லும் 25% இறங்கியது. கூடவே மரணங்கள் 58% கூடின. 2006 டிசம்பரில் ஆய்வை அவசரமாக நிறுத்தினார்கள். அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் ஏற்றியது, அதுதான் குற்றவாளி என்று அப்போது பலர் சமாதானம் சொன்னார்கள்.

அந்தக் குறை இல்லாத டால்செட்ராபிப்பும் 2012-இல் பயனின்றி முடிந்தது. எவாசெட்ராபிப் ஹெச்டிஎல்லை இரண்டு மடங்குக்கு மேல் உயர்த்தியும் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்பது 2015-இல் தெரிந்தது. 30,449 பேரிடம் சோதிக்கப்பட்ட அனாசெட்ராபிப் மட்டும் 2017-இல் 9% பயன் காட்டியது. அந்தப் பயனும் ஏபோ-பி துகள்கள் குறைந்ததற்கு எவ்வளவு கிடைக்க வேண்டுமோ அவ்வளவுதான் இருந்தது. இரட்டிப்பான ஹெச்டிஎல்லுக்கென்று மிச்சம் எதுவும் இல்லை. மருந்து விற்பனைக்கே வரவில்லை.

ஹெச்டிஎல்லை ஏற்றுவதற்கு முன்பு பரவலாக எழுதிக்கொடுக்கப்பட்ட நியாசினுக்கும் இதே கதிதான். எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்த இரண்டு ஆய்வுகளும், 2011-இல் நிறுத்தப்பட்டதும் 2014-இல் வெளியான 25,673 பேரின் ஆய்வும், பயனில்லை என்றே முடிந்தன. இரண்டாவதில் சர்க்கரை ஏற்றம், தொற்று, ரத்தக்கசிவு ஆகியவை கூடின. வீட்டில் பழைய சீட்டு ஏதும் இருந்தால் அதைக் காட்டி நீங்களாக நியாசின் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

10. அப்படியென்றால் ஹெச்டிஎல் குறைவாக இருப்பதற்கும் மாரடைப்புக்கும் தொடர்பே இல்லையா?

தொடர்பு உண்டு, காரணமா என்பதுதான் கேள்வி. பிறவியிலேயே மரபணுவால் ஹெச்டிஎல் ஏறியவர்களையும் இறங்கியவர்களையும் பார்த்தால் ஓரளவு விடை கிடைக்கிறது. எண்டோதீலியல் லைபேஸ் நொதியின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உடையவர்களுக்கு வாழ்நாள் முழுதும் ஹெச்டிஎல் சற்று உயர்ந்தே இருக்கும். அவர்களுக்கு மாரடைப்பு சிறிதும் குறையவில்லை என்று 2012-இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

மறுபக்கமும் அதையே சொல்கிறது. இத்தாலியில் கார்தா ஏரிக்கரையிலுள்ள லிமோனே என்ற சிற்றூரில், ஏபோ ஏ-1 புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களின் ஹெச்டிஎல் 10 முதல் 30 வரைதான், ட்ரைகிளிசரைடும் கூடுதல். ஆயினும் அதற்கேற்ற இதயநோய் அவர்களிடம் இல்லை. மிலான் நகர ஆய்வாளர்கள் 1980-இல் வெளியிட்டதால் அந்தப் புரதத்துக்கு ஏபோ ஏ-1 மிலானோ என்று பெயர்.

ஆகவே, ஹெச்டிஎல் குறைவு என்பது ஆபத்தைச் சுட்டும் நம்பகமான குறி. அந்தக் குறியை மட்டும் திருத்தினால் ஆபத்து திருந்துவதில்லை.

11. என் அம்மாவுக்கு 95 இருக்கிறது. அவருக்கு மாரடைப்பே வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. டென்மார்க்கில் லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஹெச்டிஎல் ஏற ஏற மரணம் குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பிறகு மீண்டும் கூடியது. ஆண்களில் 116-ஐயும் பெண்களில் 135-ஐயும் தாண்டியவர்களுக்கு மரண ஆபத்து தெளிவாகவே அதிகம். உங்கள் தாயாரின் 95 அந்த எல்லைக்குள் வரவில்லை என்றாலும், அவருடைய எல்டிஎல் 170 என்றால் 95 அதை ஈடுகட்டாது.

எண் உயர்வது ஏன் தீங்காகலாம் என்பதற்கு, 3-ஆம் பதிலில் சொன்ன நிறைந்தபடி நிற்கும் லாரிதான் விடை. கல்லீரலில் ஹெச்டிஎல்லின் சுமையை இறக்கிக்கொள்ளும் வாயிலின் மரபணு பழுதடைந்தவர்களுக்கு ஹெச்டிஎல் மிக உயர்ந்திருந்தும் இதயநோய் கூடுதலாக வருவது 2016-இல் அறியப்பட்டது.

12. ஜிம்முக்குப் போகிற என் தம்பிக்கு ஹெச்டிஎல் 15 வந்திருக்கிறது. லேப் தப்பா?

தப்பாகவும் இருக்கலாம் என்பதால் முதலில் ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். பிறகு தம்பியிடம் தனியாக, அதட்டாமல் கேளுங்கள்: உடம்பு ஏற்றுவதற்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறாரா? அனபாலிக் ஸ்டீராய்டுகள் கல்லீரல் லைபேஸைத் தூண்டிவிட்டு ஹெச்டிஎல்லைப் பாதாளத்துக்கு இறக்கும். இளைஞர்களிடம் 20-க்குக் கீழே பார்க்கும்போது எனக்கு முதலில் எழும் ஐயம் இதுதான். நிறுத்தினால் சில வாரங்களில் மீளத் தொடங்கும்.

அது இல்லையென்றால் அண்மையில் கடும் காய்ச்சல் வந்ததா, ட்ரைகிளிசரைடு மிக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். வயதானவர்களில், ரத்தத்தில் மிகுந்துள்ள ஒருவகைப் புரதம் சோதனையையே குழப்பிப் பொய்யான குறைவைக் காட்டுவதுண்டு. மிக அரிதாகப் பிறவிக் குறைபாடும் இருக்கலாம். எல்கேட் நொதி இல்லாதவர்களுக்குக் கருவிழி மங்கி, ரத்தசோகையும் சிறுநீரகப் பழுதும் வரும். 1967-இல் நார்வேயில் முதலில் விவரிக்கப்பட்டது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் டாஞ்சியர் என்ற தீவில் 1961-இல் கண்டறியப்பட்ட நோயில் ஏபிசிஏ1 வாயில் பழுதடைந்து, ஹெச்டிஎல் ஏறத்தாழ இல்லாமலே போய், தொண்டைச் சதை ஆரஞ்சு நிறத்தில் வீங்கியிருக்கும்.

13. அறிக்கையில் விகிதம், நான்-ஹெச்டிஎல் என்றெல்லாம் இருக்கிறது. எதைத்தான் பார்ப்பது?

நான்-ஹெச்டிஎல்லைப் பாருங்கள். மொத்தக் கொலஸ்ட்ராலில் ஹெச்டிஎல்லைக் கழித்தால் வருவது அது; படிவை உண்டாக்கும் ஏபோ-பி துகள்கள் அனைத்தின் சுமையும் அதில் அடங்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 182, ஹெச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 210 என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான வாய்பாட்டின்படி ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்த 42-ஐயும் 34-ஐயும் கழித்தால் எல்டிஎல் 106. பரவாயில்லையே என்று தோன்றும். நான்-ஹெச்டிஎல்லோ 148. ஆபத்துக் காரணிகள் இல்லாதவர்களுக்கே அது 130-க்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். நீரிழிவு உள்ளவர்களுக்கு 100-க்குக் கீழ். நம் நாட்டில் மிகுதியாகக் காணும் இந்த அமைப்பை எல்டிஎல் மட்டும் பார்த்தால் தவறவிடுவோம்.

விகிதம் என்பது மொத்தக் கொலஸ்ட்ராலை ஹெச்டிஎல்லால் வகுத்து வருவது. அது ஆபத்தைக் கணிக்க உதவும், சிகிச்சைக்கு இலக்காகாது. ஹெச்டிஎல் ஏறினாலே விகிதம் அழகாகிவிடும் என்பதும், அந்த அழகால் பயனில்லை என்பதும் 9-ஆம் பதிலைப் படித்தவர்களுக்குப் புரியும்.

14. தேங்காய் எண்ணெய் நல்ல கொழுப்பைக் கூட்டுமாமே? மாதுளை, ஆலிவ் எண்ணெய் எல்லாம்?

கூட்டும், கெட்டதையும் சேர்த்து. 2020-இல் 16 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் ஹெச்டிஎல்லை 4 புள்ளி ஏற்றியது, எல்டிஎல்லைப் பத்துக்கு மேல் ஏற்றியது. ஹெச்டிஎல் ஏற்றத்துக்குத் தனிப் பயன் இல்லை என்று பார்த்துவிட்டோம். எல்டிஎல் ஏற்றத்துக்குக் கேடு உண்டு என்பதில் ஐயமில்லை. அவியலுக்கு மேலே ஊற்றும் ஒரு கரண்டியைப் பற்றி நான் சொல்லவில்லை. நல்ல கொழுப்புக்காக என்று காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி குடிப்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

எண்ணைவிட வேலையை மாற்றியது என்று சொல்லத் தக்க உணவு ஒன்றுண்டு. ஸ்பெயினில் 296 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், கன்னி ஆலிவ் எண்ணெய் சேர்த்த மரபான மத்தியதரைக்கடல் உணவு, ஹெச்டிஎல்லின் கொலஸ்ட்ரால் இழுதிறனைக் கூட்டியது. அது ஓர் எண்ணெயின் வெற்றி என்பதைவிடக் காய்கறி, பருப்பு, மீன் நிறைந்த முழுச் சாப்பாட்டின் வெற்றி. மாதுளைச்சாறு பாராக்ஸோனேஸைக் கூட்டுகிறது என்பவை சிறிய ஆய்வுகள். பழமாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம். ஹெச்டிஎல்லைக் குறைத்து எல்டிஎல்லை ஏற்றும் டிரான்ஸ் கொழுப்பை மட்டும் தவிர்த்தே ஆக வேண்டும். 2022 ஜனவரி முதல் இந்தியாவில் அதற்கு 2% வரம்பு இருக்கிறது. ஆனால் திரும்பத் திரும்பக் காய்ச்சும் பஜ்ஜிக்கடைச் சட்டியை எந்த லேபிளும் அளப்பதில்லை.

15. தினமும் நடக்கிறேன், ஆறு மாதமாகியும் 36-இலேயே நிற்கிறது. நடப்பது வீணா?

வீணில்லை. முறையான உடற்பயிற்சியால் ஹெச்டிஎல் சராசரியாக 2.5 புள்ளிதான் ஏறுகிறது. அளவீட்டின் இயல்பான ஏற்ற இறக்கத்திலேயே அது மறைந்துவிடும். உங்கள் ட்ரைகிளிசரைடும் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எவ்வளவு இறங்கின என்று பாருங்கள். நடையின் பயன் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். பெரும்பாலும் சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டும்போது ட்ரைகிளிசரைடு இறங்கி, அதன் பின்னால் ஹெச்டிஎல்லும் கொஞ்சம் நகரும்.

16. கொஞ்சம் மது எடுத்தால் ஹெச்டிஎல் கூடுமாமே?

கூடும். ட்ரைகிளிசரைடும் ரத்த அழுத்தமும் கூடவே ஏறும். இதற்காகக் குடிப்பதற்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை.

17. ஸ்டாட்டின் எடுத்து எல்டிஎல் நன்றாகக் குறைந்துவிட்டது, ஹெச்டிஎல் மட்டும் ஏறவே இல்லை. மருந்து வேலை செய்யவில்லையா?

வேலை செய்கிறது. ஸ்டாட்டின் எல்டிஎல்லைக் குறைப்பதற்கான மருந்து. ஹெச்டிஎல்லை அது 5 முதல் 10% வரை உயர்த்தினாலே அதிகம். எல்டிஎல் ஏறத்தாழ 39 புள்ளி குறையும் ஒவ்வொரு முறையும் பெரிய இதய, ரத்தக்குழாய் நிகழ்வுகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன என்பது, பல பெரிய சோதனைகளைத் தொகுத்துப் பலமுறை உறுதியான கணக்கு. ஹெச்டிஎல் ஏறவில்லை என்பதற்காக மருந்தை மாற்றச் சொல்லியோ, கூடுதலாக ஒன்று சேர்க்கச் சொல்லியோ மருத்துவரை வற்புறுத்த வேண்டாம்.

18. மாத்திரை உதவவில்லை என்றால், நல்ல ஹெச்டிஎல்லையே ஊசியாக ஏற்ற முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். 10-ஆம் பதிலில் வந்த மிலானோ புரதத்தைச் செயற்கையாகச் செய்து, வாரம் ஒன்றாக ஐந்து முறை நரம்பில் ஏற்றியதில், இதயத் தமனியின் படிவு சிறிதளவு சுருங்கியது என்று 2003-இல் செய்தி வந்தபோது பெரும் பரபரப்பு எழுந்தது. ஆனால் அது ஐம்பது பேருக்கும் குறைவானவர்களிடம் கண்ட முடிவு. அதே புரதத்தைப் புதிதாகத் தயாரித்து, ஸ்டாட்டின் எடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் 2016-இல் சோதித்தபோது பலன் தெரியவில்லை.

மனித ரத்தத்திலிருந்து பிரித்த ஏபோ ஏ-1-ஐக் கொண்டு செய்த சிஎஸ்எல்112 இன்னும் பெரிய முயற்சி. கொலஸ்ட்ரால் இழுதிறனை அது உண்மையிலேயே பெருக்கியது. 8-ஆம் பதிலின்படி பார்த்தால் வெற்றி கிட்டியிருக்க வேண்டும். அண்மையில் மாரடைப்பு வந்த 18,219 பேரிடம் நடந்த சோதனை 2024-இல் வெளியானது: முதல் 90 நாளில் மரணம், மறுமாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நான்கு வார ஊசிக்கு 90 நாள் கெடு போதாது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் வாதத்தை வைத்து ஊசி போட முடியாது.

19. ஒபிசெட்ராபிப் என்று புதிதாக ஒரு மருந்து வருகிறதாமே, அதுவும் ஹெச்டிஎல்லை ஏற்றுவதுதானே? மறுபடியும் அதே கதையா?

குடும்பம் அதே; 9-ஆம் பதிலில் வந்த மருந்துகளைப் போல இதுவும் செட்பைத் தடுக்கிறது, ஹெச்டிஎல்லை வெகுவாக ஏற்றுகிறது. ஆனால் இந்த முறை அதை முன்வைப்பவர்கள் ஹெச்டிஎல்லைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஸ்டாட்டினோடு சேர்த்துக் கொடுத்தபோது எல்டிஎல் மேலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்ற 2025-ஆம் ஆண்டின் முடிவைத்தான் முன்னால் வைக்கிறார்கள். மாரடைப்பு குறைகிறதா என்பதை அறிய ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தனியாக ஒரு பெரிய ஆய்வு திட்டமிடப்பட்டது. அதன் முடிவை உங்கள் மருத்துவர் படித்துச் சொல்லும் வரை இந்தப் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை.